சரணடைந்த பின்னும் ஒரு சண்டை

ஒருமுறை சரணாகதி செய்தால் போதும் என்பது ராமானுஜ சம்பிரதாயத்தின் உறுதியான கொள்கை. திரும்பத் திரும்பச் செய்தால், முதலில் செய்ததன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். இந்தக் கொள்கையை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டாளின் இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு ஓரிடத்தில் கால் இடறும். முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவை, எத்தனை பிறவி எடுத்தாலும் உறவும் ஊழியமும் கண்ணனோடு மட்டுமே, மற்ற ஆசைகளை அவனே மாற்றிவிட வேண்டும் என்ற வேண்டுதலோடு நிறைவடைகிறது. இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் அதற்கு அடுத்தே நாச்சியார் திருமொழி நிற்கிறது. 143 பாசுரங்கள். முதல் பாசுரத்திலேயே தை மாதம் பிறந்துவிட்டது. அதே பெண் தரையைத் துப்புரவாக்கி, மணலில் கோலமிட்டு, மன்மதனைத் தொழுதுகொண்டிருக்கிறாள்.

சரணடைந்தவள் மறுபடி ஏன் கேட்கிறாள்? கேட்பதோடு நிற்காமல் போகப்போகக் கோபித்துக்கொள்கிறாள், குற்றம் சாட்டுகிறாள், மிரட்டுகிறாள். எந்த உரிமையில்?

பதிலைத் தேட அவள் ஊரிலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சில கிலோமீட்டர் போனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். அங்கே செண்பகத்தோப்பு. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. பளியர் குடியிருப்பு, மீன்வெட்டிப்பாறை அருவி, மலைமேல் காட்டழகர் கோயில். சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988-இல் இந்த மலைப்பகுதி சரணாலயமானது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊரின் தலபுராணத்திலும் புலி உண்டு. வில்லி, கண்டன் என்ற வேடர் குலச் சகோதரர்கள் வேட்டைக்குப் போக, கண்டனைப் புலி கொன்றது. தம்பியைத் தேடி அலைந்து களைத்த வில்லியின் கனவில் பெருமாள் தோன்றினார். காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் எழுப்பினான் வில்லி என்பது கதை. காட்டை வெட்டி எழுந்த ஊரில், துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தைதான் கோதை என்கிற ஆண்டாள்.

அவள் கவிதையில் வருகிற பொருள்கள் அதிகமில்லை. மேகம், சங்கு, குயில், மழையில் மலர்கிற பூக்கள், வயல், ஆயர்பாடி வழக்கங்கள். திருப்பாவையில் எடுத்த அதே பொருள்களைத்தான் நாச்சியார் திருமொழியிலும் எடுக்கிறாள். புதிதாக வேறொன்றைத் தேடிப் போவதில்லை. ஆனால் ஒவ்வொன்றோடும் அவளுக்கு இருந்த உறவு மாறிவிடுகிறது. ஒரு கவிஞர் தன் ஆரம்பப் பாடல்களைத் திரும்பிப் பார்ப்பது என்றால் பொதுவாக முன்னுரை எழுதுவது, நினைவு சொல்வது. ஆண்டாள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பழைய பொருளை எடுத்து மறுபடி பாடுகிறாள். திரும்பிப் பார்த்தல் அந்தப் பாட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

மேகத்தை எடுத்துக்கொள்ளலாம். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழைக்கு அவள் கட்டளையிடுகிறாள். கடலுக்குள் புகு, நீரை முகந்துகொள், இடித்துக்கொண்டு மேலே ஏறு, திருமாலின் மேனிபோல் கறுத்துக்கொள், அவன் சக்கரம்போல் மின்னு, சங்குபோல் முழங்கு, அவன் வில்லிலிருந்து புறப்பட்ட அம்புபோல் பொழி. எதற்காக? உலகம் வாழ்வதற்காக, நாங்கள் மார்கழி நீராடுவதற்காக. ஒரு மழை உருவாகும் முறை முழுவதும் எட்டு அடிகளுக்குள் வந்துவிடுகிறது. பேசுகிறவள் ஒருத்தி அல்லள். பாவை நோன்பு நோற்கும் பெண்கள் கூட்டம் முழுவதும் அவள் குரலில் பேசுகிறது.

நாச்சியார் திருமொழியின் எட்டாம் பத்தில் மறுபடி மேகம். இப்போது அது வேங்கடமலையின்மேல் படர்ந்திருக்கிறது. கூட்டம் இல்லை, நோன்பு இல்லை, தனியாக ஒருத்தி அண்ணாந்து பார்க்கிறாள். உங்களோடு அவனும் வந்தானா என்று கேட்கிறாள். தன் நிலையைச் சொல்ல அவள் எடுக்கிற பொருள்கள் கரிசல் காட்டு மனிதர்கள் யாரும் அறிந்தவை. கொசுப்போல் ஒரு சின்னப் பூச்சி தீண்டியதால் ஓடு மட்டும் முழுசாக இருந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் போன விளாம்பழம். மழைக்காலத்தில் பழுத்து உதிர்ந்து விழுகிற எருக்கிலை. உலகம் வாழ வேண்டிப் பெய்யச் சொன்ன அதே மழை. எருக்கின் பழுத்த இலைக்கு அதே மழைதான் முடிவு. முதல் பாடலில் மழையின் ஒரு பக்கத்தை மட்டும் பாடியிருந்தாள் என்பது இந்த இரண்டாவது பாடலைப் படித்த பிறகுதான் தெரிகிறது.

சங்கும் அப்படித்தான். திருப்பாவையில் அது காலையின் ஒலி. கோயிலில் ஊதும் வெள்ளைச் சங்கு, துறவிகள் ஊதப் போகும் சங்கு, நோன்புக்கு வேண்டும் என்று கண்ணனிடமே கேட்கிற பால்நிறச் சங்குகள். நாச்சியார் திருமொழியின் ஏழாம் பத்து முழுக்க அந்தச் சங்கோடு ஒரு பேச்சு. அவன் வாயின் மணம் என்ன, சுவை என்ன என்று விசாரிப்பதில் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொறாமை ஏறுகிறது. பதினாறாயிரம் தேவிமார் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாருக்கும் பொதுவான ஒன்றை நீ ஒருத்தன் மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறாயே, அவர்கள் உன்னோடு சண்டைக்கு வரமாட்டார்களா என்று கேட்கிறாள். நோன்பின் கருவியாக இருந்தது, போட்டிக்காரனாகிவிட்டது.

குயிலுக்கு மிரட்டலே விழுகிறது. திருப்பாவையில் குயில் விடியலின் சாட்சி. குருக்கத்திப் பந்தலில் கூவிக்கொண்டிருக்கும். ஐந்தாம் பத்தில் அதே குயிலிடம், அவன் வரும்படி கூவு என்று கெஞ்சத் தொடங்குகிறாள். பத்தாவது பாசுரத்தில் கெஞ்சல் தீர்ந்துவிட்டது. இன்றைக்கு நாராயணனை வரக் கூவவில்லையென்றால் இந்தத் தோட்டத்தைவிட்டே உன்னை விரட்டிவிடுவேன் என்கிறாள்.

காட்டைப் பாடும் ஒன்பதாம் பத்துதான் எல்லாவற்றிலும் நெருக்கமானது. அவள் பெயர் சொல்லிப் பாடுவது மதுரைப் பக்கத்துத் திருமாலிருஞ்சோலை. அங்குள்ள அழகர் சுந்தரராஜர். செண்பகத்தோப்பு மலையில் இருக்கும் காட்டழகருக்கும் அதே திருநாமம். பாடலின் தொடக்கத்தில் செந்நிறப் பூச்சிகள் சிந்தூரப் பொடிபோல் காடு முழுவதும் பரந்து கிடக்கின்றன. தம்பலப்பூச்சி என்றும் வெல்வெட் பூச்சி என்றும் சொல்கிறோமே, முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணிலிருந்து கிளம்பி வரும் அந்தப் பூச்சி. பார்க்கப் பட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டதுபோல் இருக்கும். விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்து விளையாடியது. அந்தச் சிவப்பு அவளுக்கு மகிழ்ச்சி தரவில்லை; தப்பிக்க முடியாத ஒன்றாகத் தெரிகிறது. இன்னும் சில பாசுரம் தள்ளிக் குயில், மயில், கருவிளைப் பூ, களாப்பழம், காயாம்பூ என்று ஐந்தை நிறுத்தி வைத்து, ஐந்து பெரும் பாவிகளே என்று அழைக்கிறாள். அவை செய்த குற்றம் ஒன்றுதான். எல்லாம் அவன் நிறத்தில் இருக்கின்றன. அவன் இல்லாத இடத்தில் அவன் நிறம் மட்டும் எதற்கு?

களாப்பழம் பழுத்திருப்பதற்காக ஒருத்தி அதனிடம் வழக்காடுகிறாள். இதைச் சமய நூலாக வைத்திருக்கிறது ஒரு மரபு.

அந்த மரபு இந்தச் சங்கடத்தை அறியாததல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாலாயிரத்துக்கும் உரை எழுதிய பெரியவாச்சான் பிள்ளை, நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில் இரண்டு நூல்களையும் இணைத்துப் பேசுகிறார். திருப்பாவையில் கேட்டது கைகூடாததால் அவள் மன்மதன் காலில் விழுந்தாள் என்பது அவர் காட்டும் தொடர்ச்சி. வைணவர் வேறு தெய்வத்தைத் தொழலாமா என்ற கேள்வி உடனே எழும். அதற்கு உரைமரபு அயோத்தியைச் சாட்சிக்கு அழைக்கிறது. ராமன் நலமாக இருக்க வேண்டும் என்று அயோத்திப் பெண்கள் எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டதாக வால்மீகி சொல்கிறார். அன்பு முற்றிய இடத்தில் ஒழுங்கு கொஞ்சம் கலங்கும். அந்தக் கலக்கமும் அன்பின் கணக்கில்தான் சேரும்.

இதைவிடக் கூர்மையான விடை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசார்யரின் முமுட்சுப்படி என்ற நூலில் இருக்கிறது. சரணாகதி மந்திரமான துவயத்தை விளக்கத் தொடங்கும்போது, அதற்கு உரியவன் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஒரு வரிசை தருகிறார். அதில் இரண்டு நிலைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, அடைய வேண்டியது தவறாமல் கிடைக்கும் என்ற துணிவு. இன்னொன்று, அதை அடையத் துடிக்கிற அவசரம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் முரண். கிடைப்பது உறுதி என்றால் அவசரம் எதற்கு? அவசரப்படுகிறவனுக்கு உறுதி எங்கே? ஆனால் லோகாசார்யர் இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கிறார். வழியைப் பற்றிய சந்தேகம் ஒழிந்த பிறகுதான் பேற்றின்மேல் உண்மையான பதற்றம் பிறக்கிறது என்பது இதன் உட்பொருள். வருவானா மாட்டானா என்று தெரியாதவள் அஞ்சுவாள், அடக்கமாகக் கேட்பாள். வருவான் என்று நிச்சயமாகத் தெரிந்தவள்தான் ஏன் இன்னும் வரவில்லை என்று சண்டை போடுவாள்.

ஆகவே நாச்சியார் திருமொழி திருப்பாவையின் தோல்வியைச் சொல்லும் நூல் என்று படிப்பது பாதிப் படிப்பு. திருப்பாவை முடித்துக் கொடுத்த உறவின்மேல் நின்றுகொண்டுதான் அவள் சங்கையும் குயிலையும் அதட்டுகிறாள். முன்பு மேகத்துக்குக் கட்டளையிடும்போது அவள் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது, இப்போது இல்லை. கட்டளையிடும் தைரியம் மட்டும் குறையவில்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், உறவும் ஊழியமும் உன்னோடு மட்டுமே என்று சொன்ன முதல் நூலின் இருபத்தொன்பதாம் பாசுரத்தைத்தான் காட்ட வேண்டும்.

இதே ஊரைத் தேடி, இன்னொரு கவிஞர் தன் பழைய நூல்களைத் திரும்பிப் பார்த்த கதையும் உண்டு. 1509 முதல் 1529 வரை ஆண்ட விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் கலிங்கப் போருக்குப் போகும் வழியில் கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் ஏகாதசி விரதம் இருந்தார். அன்றிரவு கனவில் ஆந்திர விஷ்ணு தோன்றினார். ராயர் அதுவரை சமஸ்கிருதத்தில் எழுதிய நூல்களைப் பெருமாளே பெயர் சொல்லி நினைவூட்டினார்: மதாலச சரித்திரம், சத்யாவதூ பிரீணனம், ஞான சிந்தாமணி, ரசமஞ்சரி. இத்தனையும் எழுதியவனுக்குத் தெலுங்கில் ஒன்று எழுத முடியாதா, அரங்கத்தில் நடந்த என் திருமணத்தைப் பாடு, எனக்கான மாலையைத் தான் சூடிக் கொடுத்தவளின் கதையைப் பாடு என்றார். இப்படித்தான் ஆறு ஆசுவாசங்கள் (சருக்கங்கள்) கொண்ட ஆமுக்த மால்யத பிறந்தது என்று நூலின் முகப்பிலேயே ராயர் எழுதுகிறார். தன் பழைய நூல்களின் பட்டியலைத் தானே சொல்லிப் பெருமைப்படாமல், இறைவன் வாயில் வைத்து, இதுவரை போதாது என்ற குறிப்போடு சொல்லிக்கொண்ட கவிஞர் அவர்.

அந்தக் காவியத்தின் முதல் ஆசுவாசத்தில் வில்லிபுத்தூர் வருகிறது. தெலுங்கு வாசகர்கள் மறக்காத ஒரு காட்சி அதில் உண்டு. வயல் வாய்க்கால் ஓரத்தில் வாத்துகள் சிறகுக்குள் தலையைச் செருகி உறங்குகின்றன. விடியல் நேரம். ஊர்க்காவலர்கள் அவற்றைத் தூரத்திலிருந்து பார்த்து, குளிக்க வந்த அந்தணர்கள் பிழிந்து வைத்து மறந்துபோன ஈரவேட்டிகள் என்று நினைத்துவிடுகிறார்கள். எடுத்துக் கொடுக்கலாம் என்று வாய்க்காலில் இறங்கியதும் வாத்துகள் விழுந்தடித்து ஓட, நெல்வயலைக் காவல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஆண்டாளின் திருப்பாவை மூன்றாம் பாசுரத்திலும் இதே வயல்தான். ஓங்கி வளர்ந்த செந்நெல்லுக்கு நடுவில் கயல் துள்ளும், குவளைக்குள் வண்டு உறங்கும். திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் உறங்கிய குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் அதன் காலத்தை கி.பி. 731 என்று கணித்தார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஏறத்தாழ எண்ணூறு வருட இடைவெளியில் இரண்டு கவிஞர்கள் ஒரே ஊரின் நெல்வயலுக்கு வந்து நிற்கிறார்கள்.

ராயரின் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊர்க்காரர். ராஜபாளையத்தைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா. வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசி வளர்ந்த சமூகத்திலிருந்து வந்து, சமஸ்கிருதமும் பாலியும் பிராகிருதமும் கற்றவர். ஆமுக்த மால்யதவின் மொழிபெயர்ப்புக்காக 1989-இல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றார். தமிழ்ப் பெண்ணின் பாட்டு தெலுங்கு மன்னனிடம் போய், மறுபடி தெலுங்கு பேசும் தமிழரின் வழியாக ஊர் திரும்பியது. இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருப்பது சுமார் 12 கிலோமீட்டர் சாலை.

அந்தக் காவியத்தின் கடைசி ஆசுவாசத்தில் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேராக ஒரு கதை இருக்கிறது. மாலதாசரி என்ற தாழ்த்தப்பட்ட குலத்துப் பக்தன் தினமும் விடியுமுன் திருக்குறுங்குடிக் கோயில் வாசலுக்குப் போய்ப் பாடுகிறவன். ஒருநாள் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போகிறான். பாடி முடித்துத் திரும்பியும் வருகிறான். அவன் வாய்மையைக் கண்ட ராட்சசன், உடலை விட்டுவிட்டு, பாடிய பாட்டின் பலனைக் கொடு என்று கெஞ்சுகிறான். வைணவர்கள் நம்பாடுவான் கதை என்று அறிந்தது இதுதான். கைசிக ஏகாதசியில் திருக்குறுங்குடியில் இன்றும் நாடகமாக நடிக்கிறார்கள்.

நாள்தோறும் அதே வாசலில் நின்று பாடுகிறவனிடம், இத்தனை வருடம் பாடியும் உனக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்டுவிடலாம். ராட்சசன் கேட்கவில்லை. அந்தப் பாட்டில் ஒன்றின் பலன் கிடைத்தாலே தன் சாபம் தீரும் என்று அவனுக்குத் தெரிகிறது. பாடுகிறவன் பலனைக் கணக்கிட்டுப் பாடவில்லை. திரும்பப் பாடுவதே அவன் பெற்ற பேறு. ஆண்டாள் பழைய மேகத்திடமும் பழைய சங்கிடமும் திரும்பிப் போனதை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் இந்தத் திரும்பச் செய்தலைத் தன் அன்றாட வேலையிலேயே வைத்திருக்கிறது. ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலைகளை மடித்து உடல், நந்தியாவட்டை இலையில் சிறகு, மாதுளம்பூவில் அலகு, எல்லாவற்றையும் வாழைநாரால் கட்டுவது. முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. சித்திரையில் அழகர் வைகையில் இறங்க மதுரைக்குப் போகிறது. சிறுமியாக இருந்தபோது செய்த ஒரு காரியம் வருடத்துக்கு வருடம் திரும்ப நடக்கிறது.

ஆனால் பாட்டு விஷயத்தில் நாம் அப்படி நியாயமாக நடந்துகொள்ளவில்லை. திருப்பாவை வீடுதோறும் ஒலிக்கிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்தை ஒதுக்கிவிட்டு அதைச் சொல்கிறார்கள். நாச்சியார் திருமொழியில் திருமணக் கனவைச் சொல்லும் ஆறாம் பத்து மட்டும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. மற்றப் பத்துகளை, குறிப்பாக உடலின் வேட்கையையும் கோபத்தையும் மறைக்காமல் சொல்லும் பதின்மூன்றாம் பத்தை, வெளியே எடுக்கவே தயங்குகிறார்கள். பணிவான ஆண்டாள் போதும், சண்டைக்கார ஆண்டாள் வேண்டாம் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். அவளுடைய சரணாகதி எவ்வளவு உறுதியானது என்பதற்கு அந்தச் சண்டையைவிட வேறு சாட்சி இல்லை. அதை மறைத்துவிட்டு முதல் நூலை மட்டும் ஓதும்போது, சரணாகதி என்பது வாயடைத்து நிற்பது என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. கோதை அப்படிச் சொல்லவில்லை.

இரண்டு நூல்களின் கடைசிப் பாசுரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தன் தந்தையின் பெயரைச் சொல்லிக் கையெழுத்திடுகிறாள்; படிக்கிறவருக்குக் கிடைப்பது என்ன என்றும் சொல்கிறாள். திருப்பாவையை ஓதுகிறவர்கள் எங்கும் திருமாலின் அருளைப் பெற்று இன்பமாக இருப்பார்கள். நாச்சியார் திருமொழியின் இறுதிப் பத்து வேறு மாதிரி அமைந்தது. கடைசியைத் தவிர ஒவ்வொரு பாசுரத்திலும் முற்பாதி அவனைக் கண்டீர்களா என்ற கேள்வி. பிற்பாதி, விருந்தாவனத்தில் கண்டோமே என்ற பதில். தேடல் அங்கே ஒருவாறு முடிகிறது. அதன் கடைசிப் பாசுரத்தில் அவள் வாக்களிப்பது இன்பத்தை அல்ல. இந்தப் பாடல்களை மருந்தென்று மனத்தில் வைத்து வாழ்கிறவர்கள் பெருமானின் காலடியில் என்றைக்கும் பிரியாமல் இருப்பார்கள் என்கிறாள். பிரிவை 143 பாசுரம் முழுக்க அனுபவித்தவள், படிக்கிறவர்களுக்கு அது வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.